கிரில்லை மூடிய மூஞ்சி

மே 4, ஞாயிறு
மாரியம்மன் பண்டிகைக்கு லாரி முகப்பில் வேப்பிலையும் மாலையும் கட்டுவதுதான் வழக்கம். இந்த வருடம் ஓனர் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். ஓனர் என்றால் என் மனைவி கனிமொழியின் அண்ணன் மாதவராஜ். அம்மன் ஓரத்தில் சின்னதாக. நடுவில் கும்பிட்ட கையோடு இவர் மூஞ்சி. முன் கிரில் முழுக்க மூடிப்போச்சு.

"ரேடியேட்டருக்கு காத்து போவாதுங்க மச்சான்" என்றேன்.

"ஃபேன் எதுக்கு இருக்குது?"

இழுக்கக் காற்றே இல்லாமல் ஃபேன் எதை இழுக்கும்? லாரி அவருடையது. மூளை யாருடையதோ.

மே 7
பண்டிகை முடிந்தது. ஃப்ளெக்ஸை அவிழ்க்கக் கூடாதாம். எலெக்‌ஷனில் நிற்கப் போகிறாராம், ஊரெல்லாம் பார்க்கட்டுமாம்.

மே 9
சேலத்திலிருந்து சிமெண்ட் லோடு. தொப்பூர் ஏற்றத்தில் ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. மூன்று இடத்தில் ஓரம் கட்டி ஆறவிட்டேன். போனில் சொன்னால், "உனக்கு கியர் போடத் தெரியல மாப்ள" என்கிறார். ஒன்பது வருடமாக இந்த வண்டி என் கையில். வாரம் தவறாமல் ரேடியேட்டரைக் கழுவுகிறேன், ஒரு பூச்சி ஒட்ட விடுவதில்லை. எனக்கா கியர் தெரியாது?

மே 10
அறுத்துவிட்டேன். பாதி ஏற்றத்தில் மறுபடி முள் எகிறியது. கத்தியை எடுத்து, ரேடியேட்டருக்கு நேராக வட்டமாக ஒரே அறுப்பு. சரியாக மூஞ்சி! மேடு முடிவதற்குள் முள் பாதிக்கு இறங்கிவிட்டது. பொய் எதற்கு, சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே 11
"என் மூஞ்சிய அறுத்தவன் என் வண்டில ஏறக் கூடாது." சாவியைப் பிடுங்கிக்கொண்டார். கனிமொழி பேசப் போய் அழுதுகொண்டு வந்தாள். "அவுத்து மடிச்சி வச்சிருக்கலாமில்லங்க?"

வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மே 14
புது டிரைவர் அருள்குமார். புது ஃப்ளெக்ஸ், முன்னதைவிடப் பெரிசு. நாசமாப் போகட்டும்.

மே 19
வேறொருவர் லாரியில் தொப்பூர் ஏறினேன். ஓரத்தில் என் வண்டி, ஆவி கக்கிக்கொண்டு. நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் கேனோடு ஓடினேன். மச்சானுக்காக இல்லை.

"இஞ்சின் ஹெட்டே போச்சுங்கண்ணா" என்றான் அருள்குமார். "நிறுத்தலாம்னேன். ஓனரு கூட உக்காந்துக்கிட்டு, ஏத்துடான்னாரு."

மச்சான் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் கத்தி. ஃப்ளெக்ஸில் அவர் மூஞ்சி இருந்த இடத்தில் ஓட்டை; இந்த முறை அவரே அறுத்தது. நாசமாப் போகட்டும் என்று எழுதியவன் நான்தான்.

கேனை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். இனி ஊற்றி என்ன.