கடலை அளந்த கம்பம்

மாமா,

உங்களை அடித்த கட்டை கிடைத்துவிட்டது. இதை எழுதும்போது என் காலடியில்தான் கிடக்கிறது. முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனை ஒழுங்காக அறுத்தது. மறுமுனை முறிந்து சிம்பு சிம்பாக நிற்கிறது. சிவப்பும் வெள்ளையுமாக அடித்த பெயிண்டில் ஏழு, எட்டு என்ற இரண்டு எண்கள் மட்டும் தெரிகின்றன. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் தார் வாசனை வருகிறது. உப்புத்தண்ணீர் அரிக்கக் கூடாது என்று நீங்கள் பூசிய தார்.

புயலில் ஊர்த்தலைவர் வீட்டுப் பின்கொட்டகைத் தகரக் கூரை பிய்ந்துபோனது. அதைத் திரும்பக் கட்டுவதற்குக் கீற்று தூக்கப் போனபோது பார்த்தேன். கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். நான்கு வருஷக் கோழி எச்சம் அதன்மேல் காய்ந்து கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினேன். கூண்டு சரிந்து கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. தலைவர் பெண்டாட்டி அஞ்சலை அக்கா வெளியே வந்தாள், என் கையிலிருப்பதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியும். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அதை நீங்கள் இருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என்னால் முடியும்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் கடலில் இருந்தீர்கள். நான் மீன்கூடையோடு திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் இருந்தேன். நம் பிள்ளை செல்வி மட்டும் வீட்டில். ஆறு வயது. ஊர் முழுக்க ஓடி வருகிறது, நான் எதிர்த்திசையில் ஓடினேன். நம் வீடு இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய படகு குப்புறக் கிடந்தது. மறுநாள் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் பொக்லைன் வைத்துக் குழி தோண்டினார்கள். பச்சைப் பாவாடையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். முகத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள்.

நீங்கள் கரை திரும்பியபோது வலை நிறைய மீன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அத்தனை மீனையும் தண்ணீரிலேயே கொட்டிவிட்டுத் துடுப்பை எடுத்துக் கடலை அடித்தீர்கள். நாயை அடிக்கிற மாதிரி, துடுப்பு இரண்டாக முறிகிற வரைக்கும். அப்புறம் மணலில் உட்கார்ந்து ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். “அதும் மேலதான் இருந்தன் லச்சுமி. என் காலுக்குக் கீழதான் போயிருக்குது. படகு ஆடக்கூட இல்லியே.”

ஆழத்தில் அந்த அலை உயரமாக இருக்காதாம், கரைக்கு வந்துதான் எழுந்து நிற்குமாம். இதைப் பிற்பாடு நமக்குச் சொன்னவள் கோமதி. சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண். கடல் மட்டத்தை அளக்கிற படிப்பு. முதல் வாரம் நம் தெருவுக்கே மூக்கைப் பொத்தினாள். மூன்றாம் வாரம் நம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “எங்க வீட்ல யாராச்சும் கேட்டா சாம்பார்னு சொல்லுங்கக்கா” என்றாள். நீங்கள் இரண்டு வருஷம் கழித்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவள்தான் முகத்துவாரத்துப் படித்துறையில் கம்பம் நட ஆள் தேடினாள். வானத்தில் ஒரு செயற்கைக்கோள் போகிறது, அது கீழே ரேடியோ சிக்னல் ஒன்றைத் தட்டிவிடும், கடல்மேல் பட்டு அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துக் கடல் எவ்வளவு உயரம் என்று கண்டுபிடிக்கும், பத்து நாளைக்கு ஒருமுறை அதே வழியில் வரும் என்றாள். அது சரியாகத்தான் சொல்கிறதா என்று பார்க்கக் கீழே ஒருவர் நின்று கம்பத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். நீங்கள் உடனே தலையாட்டினீர்கள். “மேல இருக்கறவனுக்கும் கீழ ஒரு சாட்சி வேணும்ல” என்றீர்கள்.

இன்னொன்றும் அவள் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு செயற்கைக்கோள் நம் கடலுக்கு மேலே போனதாம். அலை போவதை அது பதிந்தும் வைத்ததாம். ஆனால் ஆட்கள் எடுத்துப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. அதைக் கேட்டு உங்கள் முகம் போன போக்கு எனக்குப் பயமாக இருந்தது. கோமதியிடம் சொன்னீர்கள். “கண்ணால பாத்துட்டுச் சொல்லாம இருக்கறதுதாங்க கொல.”

அந்தச் சொல் என் நெஞ்சில் ஆணி மாதிரி நின்றுவிட்டது. எதற்காக என்று அப்போது எனக்குத் தெரியாது.

காலண்டரில் பத்து நாளைக்கு ஒரு வட்டம் போட்டீர்கள். வட்டம் போட்ட நாளில் தொழிலுக்குப் போக மாட்டீர்கள். மணிக்கு ஒருதரம் படித்துறையில் இறங்கி எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவீர்கள். கோமதி ஒருநாள் மேலேயிருந்து எடுத்த படம் ஒன்று கொண்டு வந்தாள். பூமியின் உச்சியில் ஐஸ், வெள்ளை வெளேர் என்று. வருஷா வருஷம் எவ்வளவு குறைகிறது என்று அதையும் மேலிருந்தே அளக்கிறார்களாம். மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டிக் கணக்கில் இது எத்தனை பார் இருக்கும் என்று கேட்டேன். நீங்கள் என் தலையில் குட்டிவிட்டு, “உன் கூடையில உருகறது தெருவுக்குப் போவுது. அங்க உருகறது நம்ம வாசலுக்கு வருது” என்றீர்கள்.

எல்லா ஐசும் அப்படி இல்லை என்று நான் சண்டைக்கு வந்தேன். பதினைந்து வருஷம் ஐஸ் உடைத்தவள் நான். தொட்டித் தண்ணீரில் மிதக்கிற கட்டி கரைந்தால் தண்ணீர் ஏறாது. மேலே பலகையில் குவித்து வைத்த ஐஸ் உருகிச் சொட்டினால்தான் தொட்டி வழியும். கோமதி எழுந்து நின்றுவிட்டாள். மிதக்கிற ஐசும் மலைமேல் இருக்கிற ஐசும் அப்படித்தானாம். இதைப் புரியவைக்க அவளுடைய வாத்தியாருக்கு ஒரு வாரம் ஆனதாம். நீங்கள் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அப்படிப் பார்த்த மனுஷனைத்தான் நான் காட்டிக் கொடுத்தேன் மாமா.

அந்த வருஷம் தாலுக்காவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கரையோரம் இருக்கிறவர்களை உள்ளே தள்ளிப் புது வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. காலி செய்கிற வீட்டுக்குச் சிவப்பில் குறி போடுவார்களாம், எங்கே சிவப்பு பெயிண்ட் தெரிந்தாலும் ஊர் நடுங்கியது. எனக்கு வீடு போவதைப் பற்றி ஒன்றும் இல்லை. சவுக்குத் தோப்பை விட்டுப் போகச் சொல்வார்களே, அதுதான். செல்வியைத் தனியாக விட்டுவிட்டு நான் எந்த வீட்டில் போய்ச் சோறாக்குவேன்? அந்தச் சிவப்புக் கம்பம் அவர்கள் கண்ணை இழுத்துவிடுமோ என்ற பயத்தில், அதை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் எத்தனை நாள் அழுதேன். நீங்கள் நோட்டை மூடவில்லை.

ஒரு காலையில் துறைமுகத்து ஐஸ் கொட்டகையில் அஞ்சலை அக்காவும் நானும் பார் உடைத்துக்கொண்டிருந்தோம். அவள் உங்களைக் கிண்டல் செய்தாள். “இன்னாடி, ஒம்புருசன் மீன் புடிக்கறத வுட்டுட்டுக் கடலுக்கு ரவிக்கை அளவு எடுக்கறாரா?” நான் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சுத்தியலைக் கீழே வைத்தேன். “கடலு எவ்ளோ உள்ள வந்துருக்குதுன்னு எழுதி மேல அனுப்பறாருக்கா. அத வச்சுத்தான் நம்மளக் காலி பண்ணப் போறாங்க. அண்ணங்கிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லு.”

பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். தலைவர் கூப்பிட்டுக் கண்டிப்பார், நீங்கள் ஊருக்குக் கட்டுப்பட்டு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நம் ஊரில் வேறு வழியில் உங்களை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கண்டிக்கவில்லை. அடுத்த வட்ட நாளில் படித்துறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கம்பத்தைப் பிடுங்கினார்கள். நோட்டைக் கிழித்துத் தண்ணீரில் போட்டார்கள். நீங்கள் தாளைப் பொறுக்கக் குனிந்தீர்கள். அப்போதுதான் தலைவர் கம்பத்தை ஓங்கினார். இடது காதில் விழுந்தது. கம்பம் முறிகிற அளவுக்கு அடி. விழுந்த உங்களை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள், செல்வியைக் குழியில் இறக்கும்போது கை கொடுத்தவர்கள். நான் மேலே விழுந்து மறைத்தேன். என் முதுகில் விழுந்த உதை யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் கேட்டு வாங்கியது அது.

ஆஸ்பத்திரியில் படகில் வழுக்கி விழுந்தேன் என்றீர்கள். ஊர் சங்கதி ஊரோடு. எட்டு மாசம் நம்மை ஒதுக்கி வைத்தார்கள். அந்த வருஷத்தோடு கோமதி வரவில்லை. இடது காது போனது போனதுதான். உள்ளே சதா இரைச்சல் என்பீர்கள், கடல் உள்ளே புகுந்துகொண்டது என்பீர்கள். அதிலிருந்து நான் உங்களுக்கு வலப்பக்கமாகவே நடந்தேன். மார்க்கெட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வலப்பக்கம். யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒரே ஒருமுறை கேட்டீர்கள். நான் சோற்றைக் கிளறிக்கொண்டே தெரியவில்லை என்றேன்.

புயல் வருகிறது என்று மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். டிவியில் அந்தச் சுழலைக் காட்டினார்கள், மேலிருந்து எடுத்தது, வெள்ளையாக, நடுவில் ஒரு கண். நீங்கள் டிவியைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். “இந்த வாட்டி சொல்லிட்டான் பாரு” என்றீர்கள்.

விடியும்போது காற்று கதவைப் பிய்த்தது. தென்னைகள் வேரோடு விழுந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று புறப்பட்டோம். பாதி வழியில் நீங்கள் என் கையை உதறிவிட்டுப் படித்துறைப் பக்கம் நான்கு எட்டு வைத்தீர்கள். எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்க்க. கம்பம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு எண் வேண்டியிருந்தது. தலைவர் வீட்டுக் கொட்டகைத் தகரம் ஒன்று எழும்பியதை நான் பார்த்தேன். கத்தினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நான் நின்றது உங்கள் இடப்பக்கம் மாமா.

கழுத்தில் வெட்டியது. அவ்வளவுதான் எழுத முடியும். மழை கழுவக் கழுவ ரத்தம் வந்துகொண்டே இருந்தது.

மேலே இருப்பவன் மூன்று நாள் முன்னால் பார்த்துச் சொன்னது ஊருக்கே கேட்டது. நான் பத்தடியில் நின்று கூப்பிட்டது உங்களுக்குக் கேட்கவில்லை. அந்தக் காதை அடைத்தது என் வாய்.

போன வாரம் கோமதி வந்தாள். கல்யாணம் ஆகி, ஒரு பிள்ளையோடு. உங்கள் படத்தைக் கும்பிட்டாள். பழைய செயற்கைக்கோளுக்கு வயசாகிவிட்டது, அதே வழியில் இப்போது வேறொன்று போகிறது, திரும்பவும் கம்பம் நட வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. முடியாது என்றார் தலைவர். கடலை அளந்தவன் கதி என்ன ஆனது பார்த்தீர்களா என்று ஒருவர் சொன்னார். ஆமாம் என்று பத்துத் தலை ஆடியது.

நம் ஊர்க் கூட்டத்தில் பொம்பளை பேசியதில்லை. நான் இந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

“அவுரு யாரையும் காட்டிக் குடுக்கல. நாந்தான் பொய் சொன்னன். அவுரு எழுதனதுக்கும் தாலுக்காவுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னன்.”

அஞ்சலை அக்கா பெண்கள் வரிசையிலிருந்து வந்தாள். “அடிச்ச பழிய நாலு வருசமா எம்புருசன் மேல போட்டுட்டு, ஒம்புருசன் செத்ததுக்கப்புறம் சொல்றியேடி” என்று ஓங்கி ஒரு அறை விட்டாள். இடது காதோடு சேர்த்து. நான் தடுக்கவில்லை. இரண்டு நாள் அந்தக் காதில் இரைச்சல். நீங்கள் நான்கு வருஷம் கேட்டதை நான் இரண்டு நாள் கேட்டேன்.

தலைவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கட்டையை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கடைசியில், நட்டுக்கொள்ளட்டும் என்றார். எழுந்து போகும்போது, “அத யாரு படிக்கறது?” என்று கேட்டார்.

நான் என்றேன். மூணாவது வரைக்கும் படித்தவள், எண் தெரியும்.

இந்த முறை சென்டிமீட்டர்க் கணக்குப் போட்ட இரும்புக் கம்பம். தார் பூசத் தேவையில்லை என்றாள் கோமதி. இருந்தாலும் பூசினேன். காலண்டரில் வட்டம் போட்டேன். முதல் வட்டம் இன்றைக்கு. விடிந்ததும் படித்துறைக்கு நடந்தேன், நீங்கள் நடக்கிற இடத்தைக் காலியாக விட்டு, அதற்கு வலப்பக்கமாக. கடைசிப் படியில் குந்தினேன். அலை ஏறி இறங்கி ஏறியது. நீங்கள் செய்வது போல மூன்று அலை பார்த்து நடுவில் நிற்கிற எண்ணை எடுத்தேன். நோட்டில் எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொன்னேன்.

நூற்றுப் பதினாறு மாமா. வலப்பக்கம் நின்றுதான் சொல்கிறேன்.

லச்சுமி