மாலை போட்ட டி.பி.

ஆகஸ்ட் 2, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. நேற்று அல்சூரில் எங்கள் தமிழ்ச் சங்கத்து விழா. இருப்பதிலேயே வயதானவன் என்று எனக்கு மாலை, பொன்னாடை, சாப்பாடு. பாயசம் வெறும் தண்ணி.

கீழ்வீட்டு மஞ்சுவிடம் மாலை போட்ட போட்டோவை வாட்ஸ்அப்பில் டி.பி. வைக்கச் சொன்னேன். முகத்தையும் மாலையையும் மட்டும் வெட்டி எடுத்து, கறுப்பு வெள்ளை ஆக்கினாள். "கிளாஸா இருக்கு அங்கிள்!"

ராணிக்கு ஃபோன். எடுக்கவில்லை. தங்கவயலில் இருக்கும் என் ஒரே தங்கச்சி. தினமும் சமையலைப் போட்டோ பிடித்துக் குடும்ப குரூப்பில் போடுவாள். ஒருநாள் ரசத்தில் ஒரே நுரை. "இது ரசமா, நுரை தள்ளுற பெல்லந்தூர் ஏரித் தண்ணியா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். குரூப்பை விட்டே போய்விட்டாள். விளையாட்டுக்குச் சொன்னதற்கு இத்தனை ரோஷமா? வம்பிழுக்க ஆள் இல்லாமல் பொழுதே போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுந்து பார்த்தால் ஃபோன் முழுக்கக் கும்பிடு. ஓம் சாந்தி. ஆழ்ந்த இரங்கல். ஒருத்தர் இரங்கலோடு சேர்த்து ரோஜாப்பூ குட் மார்னிங். ஆம்பூர் சித்தப்பா மகன் செல்வம்: "தங்கமான மனுஷன்." சாப்பிட்டியா என்று ஒருநாள் கேட்டிருப்பானா?

அப்புறம்தான் உறைத்தது. மாலை. கறுப்பு வெள்ளை. சுவரில் மாட்டுகிற படமேதான்.

ஒருத்தராவது கூப்பிட்டு விசாரித்தார்களா? விரலால் தட்டினால் துக்கம் முடிந்தது. செல்வத்துக்கு மட்டும் பதில் போட்டேன்: "நன்றி தம்பி. இங்க சௌகரியமா இருக்கேன்." பார்த்துவிட்டான். உடனே ஆஃப்லைன்.

துபாயிலிருந்து மகன் குமார். ஒரே கத்தல்.

"அப்பா! மொதல்ல அந்தப் போட்டோவ மாத்து! ஆபீஸ்ல எனக்கு லீவு குடுக்கறேன்றாங்க!"

"எடுத்துக்கோடா. நல்லா ரெஸ்ட் எடு."

"வெளயாடாதப்பா. அத்த பாத்தா என்னாவறது?"

"பாக்கட்டுமே. நாளைக்கு மாத்தறேன்."

யார் யாரோ அனுப்பிவிட்டார்கள். ராணியிடமிருந்து ஒன்றும் இல்லை. செத்தாலும் பேச மாட்டாளா?

ஆகஸ்ட் 4, திங்கள்

மழை விட்டது. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் ராணி. முதல் ரயில் பிடித்து வந்திருக்கிறாள். தலை வாரவில்லை. செருப்பு ஜோடி மாறி. கையில் பெரிய ரோஜா மாலை.

என்னைப் பார்த்தாள். பால் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"வா ராணி" என்றேன்.

மாலையாலேயே அடி. "பாவி! வெளயாட்டா உனக்கு? ரயிலு பூரா அழுதுகினே வந்தேன், யார் யாரோ தண்ணி குடுத்தாங்க!"

சத்தம் கேட்டு மஞ்சு ஓடி வந்தாள். "ஏனாயித்து அங்கிள்? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. தங்கச்சி மால போட வந்திருக்கா."

அதற்கும் ஒரு அடி. அப்புறம் நேரே சமையல்கட்டு. பாத்திரம் உருளுகிறது. "காபி குடிச்சியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. "வேற போட்டோ வெக்கச் சொல்லிட்டேன்" என்றேன். பாத்திரம் இன்னும் பலமாக உருளுகிறது.

இப்போது ஃபோனில் டிங். ராணி. சமையல்கட்டிலிருந்து வாட்ஸ்அப்பில்: "உப்பு எங்க".

நானும் எழுந்து போகவில்லை. "ஜன்னல் பக்கம், பச்ச மூடி டப்பா" என்று தட்டி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். என்னவோ டைப் செய்கிறாள். இன்னும் செய்துகொண்டே இருக்கிறாள்.