கோல்பியின் மேல் கோபம் வேண்டாம்

அன்பு மகள் வேராவுக்கு அப்பா எழுதுவது. அங்கே ஹாலிஃபாக்ஸில் உன் உடம்பும் மனதும் நன்றாக இருக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் அண்ணன் நிக்கும் சுகம் என்று இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. நேற்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள், விலாவில் இரண்டு விரிசல், ஆனாலும் அம்மா வைத்த போர்ஷ்ட் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மூன்றாவதும் கேட்டான். கொட்டகைக் கூரையில் பனி ஏறிக் கிடக்கிறது, தள்ள நேரமில்லை.

அன்றைக்குப் போனில் நீ, "இனிமே கோல்பி மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அழுதுகொண்டிருந்தாய், நடந்ததைச் சொல்ல அது நேரமில்லை. இப்போது முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஜனவரிக் குளிரில் பனியின் மேல் இறகு இறகாக ஒரு படலம் உறைந்திருந்தது, அதன்மேல் அந்த வாரம் இரண்டடி புதுப்பனி விழுந்து, காற்றும் அடித்து, முகட்டுக்குக் கீழே எல்லாம் பலகை மாதிரி இறுகிவிட்டது. நிக்கும் அவன் சிநேகிதன் கோல்பியும் பனிச்சறுக்குக்காக ஏறிப்போய் மரங்களைத் தாண்டினதும் காலடியில் தொம் என்று பனி அமுங்கியிருக்கிறது, சரிவு விண்டு விழும் என்பதற்கு அது அடையாளம். கோல்பி நின்று, "நிக், கேட்டுச்சா, திரும்பிடலாமா" என்று கேட்டானாம். நம் பிள்ளை சிரித்து, "பயமா இருந்தா இங்கயே நின்னு போட்டோ எடுடா, ஒரே ஒரு தடவை சறுக்கிட்டு வந்துடறேன்" என்றானாம். கோல்பி இரண்டாம் தடவை சொல்லவில்லை. மூன்றாவது வளைவில் சரிவு மொத்தமும் விண்டு நிக்கை வாரிக்கொண்டு போய்விட்டது. நிக் உடம்பில் கட்டியிருந்த பீக்கன் கருவியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கோல்பி இறங்கி, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, தனி ஆளாக நாலடி தோண்டியிருக்கிறான். முகம் வெளியே வரும்போது பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. உதடு நீலம், மூச்சு இல்லை. வாயிலிருந்த பனியை விரலால் வழித்தெடுத்து, ஊதி ஊதி மூச்சை வரவழைத்திருக்கிறான். ஹெலிகாப்டர் வரும்வரை இரண்டு மணி நேரம் தன் கோட்டை அவனுக்குப் போர்த்திக் கட்டிக்கொண்டு கிடந்தான். அவன் கைவிரல் இரண்டில் நுனி போய்விடும் என்கிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு ஊரில் எல்லோரிடமும், "நான்தான் கூட்டிட்டுப் போனேன், தப்பு என்னுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நிக் கண் விழித்த பிறகுதான், "அவனத் திட்டாதீங்கம்மா, அவன் சொன்னான், நான்தான் கேக்கல" என்று அம்மாவிடம் சொன்னான்.

இன்னொன்று, இது அம்மாவுக்கும் இன்னும் தெரியாது. அன்று காலை பனிச்சரிவு அறிக்கையை நானும் படித்தேன். அபாயம் ஐந்தில் மூன்று என்று போட்டிருந்தது. முப்பது வருஷமாகக் கணவாய் ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன், அந்த மூன்று எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நாலு, ஐந்து என்றால் பயந்து வீட்டில் இருந்துவிடுவார்கள், மூன்றில்தான் துணிந்து போவார்கள். நிக் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வயதுப் பிள்ளை, சொன்னால் முறைப்பான் என்று, ஃபிளாஸ்கை எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோல்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்காமலே, "போயிடுங்க, உங்கள நிமிர்ந்து பாக்க முடியல" என்றான். வாசலில் நின்றபடியே அந்த அறிக்கை விஷயத்தைச் சொன்னேன். பிறகு கதவைத் திறந்தான், இரண்டு கையிலும் கட்டு. "டீ இருக்கு, என்னால ஊத்த முடியாது, நீங்களே ஊத்திக்கங்க" என்றான். இரண்டு பேருக்கும் ஊற்றினேன், அவனுக்கு நானே கோப்பையைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். பாதியில், "வேரா என்ன சொல்றா" என்று கேட்டான்.

நீ மூன்று வேளையும் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, கடவுள் உன்னோடு இருக்கட்டும். அவனிடம் நீ அவன் கையைப் பற்றித்தான் முதலில் விசாரித்தாய் என்று சொல்லிவிட்டேன். இந்த வாரமே அவனுக்கு நாலு வரி எழுதி அதை உண்மையாக்கிவிடு, மறக்காதே.

உன் அப்பா,
பீட் செர்னாஃப்