நிலமில்லாதவன் கையில் மதகுச் சாவி

இன்று குடியரசு நாள் கிராமசபையில் உன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஏரி மதகுச் சாவி. கிரீஸும் துருவும் கலந்த அந்த வாடை வந்ததுமே எனக்கு உன் ஞாபகம். எதிரே மேடையில் நம் ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார். சட்டம் செய்பவர் ஒருவர், அதை நடத்துபவர் ஒருவர், நீதி சொல்பவர் ஒருவர் என்று அரசியல் சட்டம் அதிகாரத்தைப் பிரித்துவைத்ததால்தான் நாட்டில் கொடுங்கோல் இல்லையாம். சாத்தான் வேதம் ஓதியது. நீ இருந்திருந்தால் வெற்றிலையை அங்கேயே துப்பியிருப்பாய்.

நம் ஏரியில் அந்தப் பிரிவினை இவர் பிறப்பதற்கு முன்பே உண்டு. என்றைக்குத் தண்ணீர் விடுவது என்பதைச் சங்கக் கூட்டம் முடிவு செய்யும். தகராறு வந்தால் தீர்த்துவைக்கப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வருவார். மதகைத் திறப்பவனுக்கோ ஏரிக்கடியில் ஒரு குழி நிலம்கூட இருக்கக்கூடாது. நம் காலனியில் எனக்காவது கடைமடையில் கொஞ்சம் நிலம் இருந்தது. உனக்கு அதுவும் இல்லை. சாவி உன்னிடம் வந்தது. "நெலம் இல்லாதவனுக்கு இந்த ஊர்ல கீற மரியாத இது ஒண்ணுதான்" என்று சிரிப்பாய்.

இந்த மகானுபாவர் தலைவரானதும் கூட்டம் போடுவதை நிறுத்தினார். அடுத்துப் பக்கத்து ஊர்க்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பும் தானே சொன்னார். தலைமடையில் இருக்கும் அவர் நிலத்துக்கே எல்லாத் தீர்ப்பும் சாதகம். கடைசியில் சாவிக்கு வந்தார். ஊரே பல்லை இளித்துக்கொண்டு நின்றது. நீ மட்டும்தான் கேட்டாய்.

"சொல்றதும் நீங்க, தீர்ப்பும் நீங்க, தொறக்கறதும் நீங்கன்னா, கடமடைக்காரன் யாராண்ட போயி நிப்பான்?"

அதோடு அவர் கழனியில் உனக்கு வேலை போயிற்று. அவருக்குப் பயந்த மற்றவர்களும் கூப்பிடவில்லை. வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கினாய். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

நீ செத்த அன்று பெரிய மாலையோடு வந்தார். கை உனக்கு மாலை போட்டது, கண் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தது. பிணம் எடுப்பதற்குள் கேட்டும் விட்டார். என்ன பிறவியோ! உன் மனைவி அழுகையை நிறுத்தினாள். சாவியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சிக்கண்ணா. அந்த ஆளாண்ட போவக் கூடாது."

கடைமடையில் என் நவரைப் பட்டத்து நெல் நாற்று அப்போது தண்ணீரில்லாமல் கருகிக்கொண்டிருந்தது. என் கை நீண்டுவிட்டது. நீ ஒருமுறை என்னைப் பார்த்தே சொன்னதுதான் அதைத் தடுத்தது. "நல்லவனாண்டயும் குடுக்கக் கூடாதுடா. நெலம் இருந்தா கை அவன் மடைக்குத்தான் போவும்." "ஒனக்குத்தான் நெலம் இல்ல, நீயே வச்சிக்கம்மா" என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

இன்று பேசி முடித்து இறங்கியதும் தலைவர் அவளிடம் நாளைக் காலை மதகைத் திறக்கச் சொன்னார். சங்கக் கூட்டம் எப்போது கூடியது என்று அவள் கேட்டாள். அத்தனை நேரம் முழங்கியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். நான் வாய்விட்டே சிரித்தேன்.

அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்னும் காறித் துப்பத்தான் தோன்றுகிறது. ஆனால் மதகுப் பக்கம் போகும்போதெல்லாம் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.