மைனஸ் ஐந்தின் வர்க்கம்

4.8.2003, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். முக்கியமாக எங்கள் கணக்கு வாத்தியார் வெள்ளைத்துரை சாரிடம் காட்டாதீர்கள். கால்குலேட்டரைத் தொட்டால் டி.சி. என்று சொன்னவர் அவர். இன்று மாதத் தேர்வில் ஸ்டீவ் அண்ணனுடையதை ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்துவைத்துத் தட்டினேன். x² − 5x + 6 = 0. சூத்திரத்தில் போட்டு மூன்று தடவை தட்டியும் எரர். ‘மெய் மூலங்கள் இல்லை’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு.

5.8.2003

சாப்பிடும்போது அண்ணனிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். “மைனஸ் அஞ்ச அடைப்புக்குறிக்குள்ள போடணும். இல்லாட்டா அஞ்ச மட்டும் வர்க்கமாக்கிட்டு, மைனஸ முன்னாடி ஒட்டிரும்” என்றான். அப்போ விடை 2, 3. செத்தேன். நான் எழுதினது எப்படி வந்துச்சுன்னு சார் கேட்டா?

7.8.2003

வகுப்பிலேயே எனக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு. காரணிப்படுத்தி 2, 3 எழுதிய ஸ்ரீலட்சுமிக்கு முட்டை. x-க்கு 2 போட்டுப் பார்த்தால் பூஜ்யம் வருகிறது சார் என்றாள் அவள்.

“அதத்தான் தாயி நானும் போட்டிருக்கேன்.”

வகுப்பே சிரித்தது. என் பேப்பரைப் பார்த்து நூறு தடவை எழுதி வரச் சொன்னார்.

கையால் போட்டால் அந்த விடை வராதே. அப்படியென்றால் —

சாரிடமும் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது.

8.8.2003

ஸ்ரீலட்சுமி நூறு தடவையும் எழுதிவிட்டாள். “எனக்குத்தான் மண்டையில ஏறல போலடி. ப்ளஸ் ஒன்ல கணக்கு குரூப் வேணாம்னு அப்பாட்ட சொல்லிட்டேன்” என்றாள். என்னிடமே. நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். சீ.

10.8.2003

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மனசு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெயர் போடாமல், இடது கையால் எழுதினேன்: ‘சார், மைனஸ் ஐந்தை அடைப்புக்குறிக்குள் போடவும். ஸ்ரீலட்சுமி விடைதான் சரி.’ நாளை அட்டெண்டன்ஸ் நோட்டுக்குள் வைக்க வேண்டும்.

11.8.2003

வைத்துவிட்டேன். கடைசி பீரியடில், யாரையும் பார்க்காமல், கேள்வித்தாளில் அச்சுப்பிழை என்றார் சார். கேள்வியை போர்டில் சாக்பீஸால் எழுதிப் போட்டதே அவர்தான். ஸ்ரீலட்சுமிக்கு அஞ்சு. எனக்கு முட்டை. அவள் ஓட்டமாக ஓடினாள், அப்பாவிடம் கணக்கு குரூப்தான் என்று சொல்ல. அந்த முட்டை எனக்கு இனித்தது.

ராத்திரி ஒன்பது. முன்னறையில் சார் குரல்! கடவுளே, அந்த விடையை எழுதியது நான் ஒருத்திதானே. நான் அவரைக் கண்டுபிடித்த மாதிரியே அவரும் —

அண்ணனிடம் ஏதோ கிசுகிசுக்கிறார்.

“தம்பி, அந்த அடைப்புக்குறி பட்டன் எங்கிட்டு இருக்கு? பாப்பாவுக்குத் தெரியுமாமே. முழிச்சிருக்கா?”

என் கதவைத் தட்டுகிறார்க —