நரி என்று சொன்னேன்

அன்பு மகளே,

போனில் பேசினால் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கீழ்வீட்டு மராத்திக்காரி ஷிண்டே பாபி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் தெரியாதது நல்லது.

வனத்துறையின் நாக்பூர் கூட்டத்துக்கு நீ எழுதிய அறிக்கையில், நரிகளைப் பார்த்து நான் எழுதிவரும் நோட்டிலிருந்து ஒரு வரி எடுத்திருக்கிறாய். 'செம்பூர் அலையாத்திக் காட்டு நரிகள் இருபது வருடத்தில் யாரையும் கடித்ததில்லை.' அந்த வரியை அடித்துவிடு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு நரி மீன்வலையில் சிக்கிக் கிடந்தது. கையுறை இல்லாமல் தொடாதே என்று நீ சொன்னதுதான். எனக்கா தெரியாது என்று கையை விட்டேன்; கடித்துவிட்டது. வாயில் இருந்த நுரையைக் களைப்பு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அது செத்துக் கிடந்தது.

கடித்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதற்றத்தில் நரிக்கு இந்திச் சொல் மறந்து, நரி கடித்தது என்பதை "நரி நே காட்டா" என்றேன். இந்தியில் நாரி என்றால் பெண்ணல்லவா? "எந்த நாரி, அங்கிள்? வீட்டுக்காரியா?" என்றாள் நர்ஸ். வரிசையே சிரித்தது. உன் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. ஊசி போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இன்றோடு ஒன்பது நாள். வெறிநோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்பார்கள்; தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன். இன்றும் இறங்கியது. ஆனால் டம்ளரை எடுக்கவே பயமாக இருக்கிறது.

இதை அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

கூட்டத்தில் எதையும் மறைக்காதே. நரிகளைப் பிடித்து அப்புறப்படுத்து என்பார்கள். நரிக்கு வெறி வருவது தெருநாய்களிடமிருந்துதான்; முதலில் அவற்றுக்கு ஊசி போடச் சொல். கையை நீட்டியது நான்தான் என்பதையும் சொல். அதை விட்டுவிட்டால் உன்னோடு சண்டை போட நான் இருப்பேன்.

இருக்க வேண்டும்.

உன் அப்பா