வெள்ளெழுத்தும் மீன்முள்ளும்

சதுரங்கப்பட்டினம், ஆடி மாதம், ஞாயிறு, 1974.

வெள்ளெழுத்துக்கு ஒருவழியாகக் கண்ணாடி வாங்கிவிட்டேன். கிட்டப் பார்க்க மட்டும் ஒன்று, எட்டவும் கிட்டவும் சேர்த்து ஒன்று என்று செங்கல்பட்டுக் கடைக்காரர் இரண்டைக் காட்டினார். சேர்த்ததைப் போட்டால் தரை அலைபோல் மிதந்தது. கிட்டப் பார்ப்பதே போதுமென்றேன்.

மதியம் அதைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் வீட்டுக்காரருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் பனியாய்க் கரைந்திருந்தது. தட்டில் மட்டும் மயிரிழை முட்கள் மின்னின. இத்தனையா?

"இவ்ளோ நாளா முள்ளு வரலியாங்க?"

"வந்துகினுதான் இருந்துச்சி. முழுங்கிட்டேன்."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா, அப்பால நீ எடுத்துக் குடுக்க மாட்டியே."

பக்கத்தில் தூங்குகிறார். கடல் இரைகிறது. கண்ணாடியைக் கழற்ற மனம் வரவில்லை. அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.